குடந்தைக் கடைத்தெரு: அங்காடியும் உணவு விடுதியும் அன்றாட வாழ்வும்

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார் அவ்வூர்க் கோயில்களையும், அவற்றை எடுப்பித்த வேந்தரையும், அவர்தம் போர்களையும் முதற்கண் ஆராய்தல் வழக்கம். கும்பகோணத்திற்கும் அவ்வழக்கமே அமைந்துள்ளது. நாகேசுவரன் கோயிலின் முற்சோழர் சிற்பங்களும், பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை நிகழும் மகாமகமும், அருகிலுள்ள பழையாறையின் சோழர் மாளிகைச் சிறப்பும் பலராலும் எழுதப்பெற்றுள்ளன. ஆயினும் அவ்வூரின் பெரிய கடைத்தெருவில் நாள்தோறும் கடை திறந்து, நிறுத்து, அளந்து, கொடுத்து, வாங்கி வாழ்ந்த மக்களின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை வருவது. காலைச் சிற்றுண்டியோ நாள்தோறும் வருவது. நாள்தோறும் நிகழ்வதை வரலாறு மறந்துவிடுதல் எளிது.

அங்காடியும் உணவு விடுதியும் கோயிலோடு ஒப்ப ஓர் ஊரின் வரலாற்றுச் சான்றுகளே என்பதனைக் கும்பகோணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். அவ்வழி இரண்டு வினாக்கட்கு விடை காண முயல்வோம். இவ்வூர்க் கடைத்தெருவில் பழையது யாது, புதியது யாது என்பது ஒன்று. அக்கடைத்தெருவில் யார் உள்ளே புகுந்து அமர முடிந்தது என்பது மற்றொன்று.

1. இலக்கியமும் கல்வெட்டும் காட்டும் அங்காடி

அகநானூற்று 60ஆம் பாடல், சோழர் தம் நிதியைக் குடந்தையில் வைத்துக் காத்த செய்தியை உவமையாக எடுத்துரைக்கின்றது. அதனைப் பாடியவர் குடவாயிற் கீரத்தனார் ஆதலின், ஆண்டுச் சுட்டப்பெறும் குடந்தை இன்றைய குடவாசலே என்று கொள்வாரும் உளர். அவ்வழக்கு எங்ஙனம் முடியினும், தேவாரம் பாடிய மூவர் காலத்தில் குடமூக்கு, குடந்தைக் கீழ்க்கோட்டம், குடந்தைக் காரோணம் என்னும் பெயர்கள் இவ்வூருக்கும் இவ்வூர்க் கோயில்கட்கும் வழங்கின என்பதில் ஐயமில்லை. பல கோயில்கள் ஓரூரில் நெருங்கி அமையுமிடத்து, அவற்றிற்கு நாள்தோறும் வேண்டும் நெய்யும் பழமும் வெற்றிலையும் விற்கும் அங்காடியும் அருகே அமைந்திருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

அங்காடிக்கும் கோயிலுக்கும் இருந்த தொடர்பினைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு ஒன்று நன்கு விளக்குகின்றது. அக்கோயிற் பிள்ளையார்க்கு நாள் ஒன்றுக்கு 150 வாழைப்பழம் அமுது செய்வித்தற்பொருட்டு 360 காசு முதலாக வைக்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொண்டவர் தஞ்சையின் பெருந்தெருக்களையும் திரிபுவனமாதேவிப் பேரங்காடியையும் சார்ந்த வணிகர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டியாக, 360 காசுக்கு 45 காசு ஆகும். காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்னும் விலையில் 45 காசுக்கு 54,000 பழம் வரும். நாளுக்கு 150 வீதம் 360 நாளைக்கு வேண்டுவதும் அதுவே. இக்கணக்கு பிழையின்றி அமைந்திருத்தல் வியக்கத்தக்கது. வேந்தனின் கொடை எனக் கல்வெட்டிற் பொறிக்கப்பட்டது கடைத்தெருவின் நாணயத்தை நம்பியே நடைபெற்றது என்பது இதனால் விளங்கும்.

இலக்கியச் சான்றுகளும் குறைவல்ல. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் இரவங்காடியையும் வேறு பிரித்து நாளங்காடி, அல்லங்காடி எனக் காட்டுகின்றது. அப்பம் சுட்டு விற்போரைக் கூவியர் என்னும் பெயராற் பழைய நூல்கள் சுட்டுகின்றன. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்துக் கூவியர், உப்பு விற்போர், வெண்கல வினைஞராகிய கஞ்சகாரர், செம்பு வேலை செய்வோர் முதலியோரை நிரலே வைத்துக் கூறுகின்றது. ஆண்டுக் கூறப்பெறும் பாசவர் என்பார் வெற்றிலை விற்போர் என்று பொருள் கொள்ளுதலும் உண்டு. அப்பம், வெண்கலம், செம்பு, வெற்றிலை ஆகிய இந்நான்கும் இன்றைய கும்பகோணத்துக் கடைத்தெருவிலும் நிற்றல் நோக்கத்தக்கது.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் நினைவு கூர்தற்குரியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும் அவர்தம் பதிப்பாக வெளிவந்தன. மதுரையின் அல்லங்காடியையும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தையும் நாம் இன்று அச்சிற் படித்து அறிதற்கு வழிசெய்த உழைப்பின் பெரும்பகுதி கும்பகோணத்திலேயே நிகழ்ந்தது. பழந்தமிழ் அங்காடிகளை உலகிற்கு மீட்டுத் தந்த ஊரின் அங்காடியை நாம் ஆராயாது விடுதல் முறையன்று.

2. கடைத்தெருவும் அதனைச் சூழ்ந்த ஊர்களும்

கும்பகோணம் பெருநகரும் அன்று, சிற்றூரும் அன்று. 1866இல் நகராட்சியாகிய இவ்வூர் 2021இல் மாநகராட்சி ஆக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரமக்கள் தொகை ஏறத்தாழ 1,40,000 ஆகும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த இவ்வூர், தன்னைச் சூழ்ந்த ஊர்களின் தொழிற்பொருள்கட்கெல்லாம் விற்பனைக் களமாக விளங்குகின்றது. தன் எல்லைக்குள் விளையாததையும் தன் பெயரால் விற்கும் ஆற்றல் இத்தகைய நடுத்தர ஊர்கட்கு உரிய தனிச்சிறப்பாகும்.

ஏறத்தாழ 10 கிலோமீட்டர் எல்லைக்குள் பல கைத்தொழில்கள் அமைந்துள்ளன. சுவாமிமலையில் தபதியர் மெழுகு வார்ப்பு முறையாற் செப்புத் திருமேனிகளை வார்க்கின்றனர். மெழுகினால் உரு அமைத்து, அதன்மேற் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தே உருகிய உலோகத்தைப் பாய்ச்சுதல் அம்முறை. ஒரு கரு ஒரு முறைக்கே பயன்படும் ஆதலின் ஒரு திருமேனி போன்று மற்றொன்று முற்றும் ஒத்திராது. நாச்சியார்கோயிலிற் குத்துவிளக்கு வார்க்கும் கம்மியர், பாதம், தண்டு, தட்டு, முடி எனத் தனித்தனியே வார்த்துக் கடைந்து திருகிப் பொருத்துவர். திருபுவனத்தில் சௌராட்டிர நெசவாளர் பட்டுப் புடைவை நெய்கின்றனர். இம்மூன்று தொழிற்பொருள்கட்கும் இக்காலத்தில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

இவையெல்லாம் கும்பேசுவரர் சன்னிதியிலும் பெரிய கடைத்தெருவிலும் வந்து கூடுகின்றன. கோயிலுட் செல்லும் வழியிலேயே இருமருங்கும் மணியும் விளக்கும் பாத்திரமும் விற்கும் கடைகள் உள்ளன. திருமணத்திற்குச் சீர்ப்பாத்திரம் வாங்க வருவோர், வணங்கிவிட்டு விலை பேசுதலும், விலை பேசிவிட்டு வணங்குதலும் இவ்வூரில் அன்றாடக் காட்சிகளாம்.

வணிகம் பெருகுமிடத்துக் கடன் வசதியும் வேண்டும். 1904இல் கும்பகோணம் வங்கி என்னும் பெயரால் தோற்றுவிக்கப்பட்ட நிறுவனமே இன்று சிட்டி யூனியன் வங்கி என விளங்குவது. அதன் தலைமையகம் இன்றும் இவ்வூரிலேயே இருத்தல் குறிப்பிடத்தக்கது. கணித மேதை இராமானுசனின் தந்தையார் இவ்வூர்த் துணிக்கடை ஒன்றிற் கணக்கராகப் பணியாற்றியவர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். துணிக்கடைக் கணக்கரின் சிறு ஊதியம் பேணிய குடும்பத்திலேயே அம்மேதை வளர்ந்தார்.

3. வெற்றிலையும் அதன் சொல்வழக்கும்

கும்பகோணம் வெற்றிலை எனப் பெயர் பெற்றது, காவிரிக் கரையிலமைந்த ஊர்களின் கொடிக்கால்களில் விளைவது. அகத்தியை முதலில் ஊன்றி, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவர். அகத்தி கொழுகொம்பும் ஆகும்; நிழலும் ஆகும்; அதன் கீரை உணவும் ஆகும். பக்கக் கிளைகளினின்று பறிக்கும் இளந்தளிர் கொழுந்து வெற்றிலை எனப்பட்டு உயர்ந்த விலை பெறும். வெற்றிலையைக் கவுளி கணக்கில் விற்றல் மரபு. நூறு இலை கொண்ட கட்டுக் கவுளியாகும். 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

வெற்றிலை என்பது வெறு இலை, அஃதாவது பூவையும் காயையும் நோக்காது இலையின்பொருட்டே கொள்ளப்படுவது எனப் பொருள் கூறுவர். மலையாளத்து வெற்றில என்னும் வடிவத்தைப் போர்த்துக்கீசியர் கொண்டு செல்ல, அது ஆங்கிலத்திற் பீட்டல் ஆயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாக்கு அடைக்காயமுது எனவும், வெற்றிலை இலையமுது எனவும் இறைவர்க்குரிய படையலாகக் குறிக்கப்படுகின்றன. ஆகவே நம் கடைத்தெருவில் உண்மையாகவே பழையது யாது என வினவின், முதல் விடை வெற்றிலையே என்க. உண்டபின் வெற்றிலைக் கடை முன் நின்று சீவலும் சுண்ணாம்பும் சேர்த்து மடித்து வாயிலிடும் ஒருவன், தான் அறியாமலே ஆயிரம் ஆண்டு வழக்கம் ஒன்றைத் தொடர்கின்றான்.

4. சோறு விற்றலும் உணவு விடுதியின் தோற்றமும்

வெற்றிலைக்கு உள்ள பழைமை உணவு விடுதிக்கு இல்லை. கூவியர் அப்பம் விற்றனர் எனினும், முழு உணவை விலைக்கு விற்றல் நெடுங்காலம் தமிழகத்தில் இழிவாகவே கருதப்பட்டது. வழிச்செல்வோர்க்குச் சத்திரங்களில் அறமாகச் சோறு இடப்பட்டது. தஞ்சை மராட்டிய மன்னர் நெடுவழிகளில் அமைத்த சத்திரங்கள் இதற்குச் சான்று. சத்திரத்துச் சோற்றுக்கு விலையில்லை. ஆனால் உண்பவன் யாவன் என்னும் கேள்வி ஆண்டு உண்டு. கடையிலோ விலை உண்டு. அக்கேள்வி இருத்தல் ஆகாது. எனினும் அக்கேள்வி கடையிலும் நெடுநாள் நீங்காது நின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்று காரணங்களால் நிலைமை மாறியது. ஒன்று கல்லூரி. 1854இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்த கும்பகோணம் அரசினர் கல்லூரி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்சு எனப் பாராட்டப்பெற்றது. பிற மாவட்டங்களிலிருந்து மாணவர் பலர் இவ்வூர்க்கு வந்தனர். இரண்டாவது நீதிமன்றம். வழக்காடுவோரும் சான்று கூறுவோரும் பகல் முழுதும் ஊரில் தங்க நேர்ந்தது. மூன்றாவது, 1870களில் இவ்வூரை வந்தடைந்த இருப்புப்பாதை. இம்மூவகை மக்கட்கும் சத்திரம் போதவில்லை. உறவினர் வீடும் எல்லோர்க்கும் இல்லை.

முதலில் வீடுகளே உணவிடங்கள் ஆயின. இராமானுசன் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டில் கல்லூரி மாணவர் இருவர் தங்கியிருந்தனர் என்றும், அவர் அறிந்த கணிதம் முழுவதையும் அச்சிறுவர் விரைவிற் கற்றுத் தீர்த்தார் என்றும் வரலாறு கூறும். குறைந்த வருவாயுடைய குடும்பங்கள் மாணவரை வைத்து உணவிட்டு வருவாயை நிரப்பிக்கொண்டன என்பதற்கு இது தெளிவான சான்று. இவ்வீடுகளினின்று மெஸ்களும், அவற்றின் பின்னர்க் காப்பிக் கிளப்புகளும் தோன்றின.

விடுதிப் பெயர்களை நிரல்படுத்தி நோக்கின் ஒரு நூற்றாண்டு வரலாறு புலனாகும். கிளப்பு, கபே, லாட்ஜ் என்பன ஆங்கிலவழி வந்தவை. விலாஸ், பவன் என்பன வடமொழி வழி வந்தவை. புலால் உணவுக்கு முனியாண்டி விலாஸ் என்னும் பெயர் மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியாரால் தமிழகமெங்கும் பரவியது. உணவகம் என்னும் தமிழ்ச்சொல் இவற்றிற்கெல்லாம் பின்னரே பெயர்ப்பலகை ஏறியது.

5. டிகிரிக் காப்பியும் கடப்பாவும்

கும்பகோணத்தின் புகழை இக்காலத்து நெடுஞ்சாலைகளெல்லாம் அறிவிப்பது டிகிரிக் காப்பி. அச்சொல்லுக்கு மூவகை விளக்கம் கூறப்படுகின்றது. பாலின் தூய்மையை அளக்கும் பால்மானியின் அளவாகிய டிகிரியினின்று வந்தது என்பது ஒன்று. சிக்கரி என்னும் சொல் திரிந்தது என்பது இரண்டாவது. முதலில் இறங்கும் திண்ணிய டிகாக்‌ஷனைக் குறித்தது என்பது மூன்றாவது. சிக்கரி என்னும் சொல் தமிழில் அவ்வடிவிலேயே வழங்குகின்றது. சகரம் டகரமாகத் திரிதற்கு ஏற்ற காரணமும் இல்லை. முதல் டிகாக்‌ஷன் டிகிரி எனப்பட்டிருப்பின் இரண்டாவதற்கும் அதனோடு ஒத்த பெயர் ஒன்று வழங்கியிருத்தல் வேண்டும். அங்ஙனம் வழக்கில் இல்லை. பசும்பால் காப்பி என்று விளம்பரம் செய்தல் பழைய கடைகளின் மரபாதலின், நீர் கலவாப் பாலுக்கு உறுதி கூறும் முதல் விளக்கமே பொருத்தமுடையது என்பது எம் கருத்து. அங்ஙனமாயின் டிகிரிக் காப்பி என்னும் பெயர் சுவையைக் காட்டிலும் வணிகனின் வாய்மையையே குறித்தது எனல் வேண்டும். பிள்ளையார் பழத்திற்கு 360 காசு பெற்ற வணிகர்தம் மரபும் அதுவே.

காலையில் இட்டலிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள இவ்வூர் விடுதிகள் தரும் கடப்பா மற்றொரு சிறப்புணவு. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, குழம்பினும் நெகிழ்ந்தும் சாம்பாரினும் வெளுத்தும் இருக்குமாறு செய்வது. இது தொன்மையான உணவு என்று பலரும் கருதுகின்றனர். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று ஐரோப்பியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தவை. சோழர் கல்வெட்டுகளின் படையற் பட்டியலில் அரிசியும் பருப்பும் மிளகும் நெய்யும் தயிரும் உள, இவ்விரண்டும் இல. காப்பியும் அங்ஙனமே பின்வந்தது. ஆகவே வெற்றிலை ஆயிரம் ஆண்டின் மேற்பட்டது. கடப்பாவும் காப்பியும் அண்மைக் காலத்தன. ஆயினும் ஊரார் இவற்றைத் தமவாகவே கொண்டனர். ஓர் ஊரின் மரபு என்பது தொன்றுதொட்டு வந்தது மட்டும் அன்று. வந்ததை ஏற்றுத் தனதாக்கியதும் மரபே ஆகும்.

6. வாயிலும் இருக்கையும்

உணவு விடுதியைப் பாராட்டுமிடத்து அதன் வாயிலில் நின்றுவிட்டவரை மறத்தல் நேர்மையன்று. காப்பிக் கிளப்புகள் தோன்றிய காலத்தில் தமிழக விடுதிகள் பலவற்றுள் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் உள்ளேயே புக இயலாது. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களின் உணவிடங்களிலும் இப்பாகுபாடு இருந்து, பெரியாரின் கிளர்ச்சியின் பயனாக 1941இல் நீக்கப்பட்டது. விடுதிப் பெயர்ப்பலகையிற் பிராமணாள் என்னும் சொல்லை அழித்தல் வேண்டும் என்று 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவு விடுதி ஒன்றன்முன் நடைபெற்ற போராட்டம் பல திங்கள் நீடித்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பெயர் சுட்டியே, அவற்றுட் புகுதலை எவர்க்கும் சாதி காரணமாக மறுத்தல் ஆகாது என விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே உணவு விடுதியை எடுத்துக் கூற நேர்ந்தது என்றால், அங்குள்ள ஒரு பலகை இருக்கைக்கு எத்துணைப் பொருள் இருந்தது என்பதை உணரலாம். சட்டத்திற்குப் பின்னரும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்தது. கும்பகோணத்தின் தனிச்சிறப்பென இன்று பாராட்டப்பெறும் பித்தளை டவராவும் தம்ளருமே, உதடு படாமல் தூக்கிக் குடிக்கும் தூய்மை வழக்கத்திற்கும் உதவியவை என்பதை மறத்தற்கில்லை.

இன்று கும்பகோணத்து விடுதியொன்றில் காலை ஏழு மணிக்கு அமர்ந்து நோக்கின், கொடிக்காலிலிருந்து வந்த உழவரும், அலுவலகம் செல்வோரும், நெசவாளரும், வழிபாட்டிற்கு வந்த வெளியூராரும் ஒரே மேசையில் ஒருவர்க்கொருவர் பெயர் வினவாமல் உண்ணுதலைக் காணலாம். இக்காட்சி எளியது, ஆயின் எளிதில் வந்தது அன்று. கோயிலின் கோபுரம் உயர்ந்ததற்கு நாள் குறிக்கின்றோம். இந்த மேசை பொதுவானதற்கும் நாள் குறித்தல் வரலாற்றாசிரியன் கடமை.

7. அழிந்துவரும் சான்றுகள்

கோயிற் சுவரிற் கல்வெட்டு நிற்கும். கடைக்குக் கல்வெட்டு இல்லை. அதன் பேரேடும் சிட்டையுமே கல்வெட்டு. தலைமுறை மாறுங்காலும், கடை இடித்துக் கட்டப்படுங்காலும் அவை பழந்தாளாக எடைக்குப் போடப்படுகின்றன. எந்த ஆண்டில் பித்தளைக்குப் பதில் எவர்சில்வர் மிகுதியாக விற்றது, எந்த ஊர் நெசவாளர்க்கு எத்துணைக் கடன் நின்றது, எந்தத் திங்களில் வெற்றிலை விலை ஏறியது என்பவற்றையெல்லாம் வேறெந்த ஆவணமும் நமக்குக் கூறாது.

கடைத்தெருச் சொற்களும் அங்ஙனமே மறைகின்றன. கல்லா, கிராக்கி, சிட்டை முதலியன வடபுலத்தினின்று வந்தவை. பேரேடு, கவுளி, கொடிக்கால் என்பன நம்மவை. சரக்கு மாஸ்டர் என்பது தமிழும் ஆங்கிலமும் கூடியது. பலகாரம் செய்யும் தலைமைச் சமையற்காரரை அப்பெயரால் அழைக்கும் வழக்கு, உணவையும் சரக்காகக் கருதிய வணிக மனத்தைக் காட்டுகின்றது. தமிழ், மராட்டியம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரு கடையின் நான்கு சுவர்க்குள் கலந்து நின்றமை தஞ்சைப் பகுதி வரலாற்றின் சுருக்கமே ஆகும். இவ்வூர் டபீர் தெருவின் பெயரிலும் மராட்டியர் கால அலுவலர் பட்டம் ஒன்று நின்று நிலவுகின்றது. எண்முறைத் தராசும் கணிப்பொறிச் சீட்டும் வந்தபின் அளவைச் சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. கும்பகோணத்து அங்காடி சங்க இலக்கியமும் கல்வெட்டும் காட்டும் அங்காடி மரபின் தொடர்ச்சியாய் உள்ளது. அதன் உணவு விடுதியோ கல்லூரியும் நீதிமன்றமும் இருப்புப்பாதையும் தோற்றுவித்த புதுமை. அப்புதுமை எல்லோர்க்கும் உரியதாக ஆனது போராட்டத்தாலும் சட்டத்தாலும் ஆகும்.

தமிழ்த் துறைகளில் ஆராய்ச்சி மேற்கொள்ளும் மாணவர் தத்தம் ஊர்க் கடைத்தெரு ஒன்றைத் தேர்ந்து, அங்குள்ள பேரேடுகளைப் படியெடுத்தும், பெயர்ப்பலகைகளைக் குறித்தும், முதிய வணிகர், சமையற்காரர், பரிமாறுவோர் ஆகியோர் கூறும் சொற்களைத் தொகுத்தும் வைத்தல் வேண்டும். அடுத்த மகாமகம் 2028இல் வரும். அப்போது இவ்வூரின் கோயில்களைப் பற்றிப் பல மலர்கள் வெளிவரும் என்பது உறுதி. அதற்குமுன் அதன் கடைத்தெருவைப் பற்றியும் ஒரு சொற்றொகுதியேனும் வெளிவருமாயின், விடியுமுன் அடுப்பு மூட்டிய எண்ணற்றோர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி தீரும்.